மேல் நட்டு முதலில்

பண்ணைப் பாலத்தில் ஐம்பதைத் தாண்டினால்
பின்னால் ஒரு ஊளை.
நாற்பதில் இல்லை. அறுபதில் அடங்கிவிடும்.
நண்டுப் பெட்டிகளின் கயிறு என்றுதான்
மூன்று நாள் நினைத்திருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து
சட்டை மாற்றி
லொறிக்குக் கீழே சாக்கை விரித்தேன்.
மட்டமான நிலத்தில் நிறுத்த வேண்டுமாம்.
யாழ்ப்பாணத்தில் அதற்கு மட்டும் குறைவில்லை.
சின்னக்கடை வரை ஒருதரம் ஓடியாயிற்று,
ஒயில் இளகட்டும் என்று.

முதலில் மேல் நட்டு.
கீழ் நட்டைத் திறந்து எல்லாம் வடித்துவிட்டு
மேலதைத் திருகப்போக அது அசைய மறுத்தால்,
வயிறு காலியான லொறியை வைத்துக்கொண்டு
திங்கள் விடியப்புறம் மூன்றரைக்கு என்ன செய்வாய்?
ஒருவரும் சொல்லித்தரவில்லை.
ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன்,
மண்டைதீவில், நூற்றிருபது கிலோ நண்டோடு.

குழாய்த் துண்டைச் சாவியில் செருகிக்
காலால் மிதித்தேன்.
டக்.
துருவும் உப்பும் இமையில் கொட்டின.
விரலை உள்ளே விட்டேன்.
முதல் மடிப்புக்கு முன்னமே நனைந்தது.
குறைவில்லை.
குறைவில்லை என்பதுதான் பிழை.
போன மாதம் அரை விரல் இறங்கியிருந்தது,
ஊற்ற வேண்டும் ஊற்ற வேண்டும் என்று
நான் ஊற்றவில்லை.
பிறகு யார் ஊற்றினது?

கீழ் நட்டு.
பழைய பெயின்ற் வாளிக்குள்
கறுத்த தேனாய் இறங்க வேண்டியது
பால் தேத்தண்ணியாய் இறங்கியது.
கந்தகமும் கடலும் கலந்த மணம்.
நட்டின் காந்த நுனியில்
சாம்பல் பசை, அது வழமை.
பசைக்குள் நகத்துண்டு போல ஒரு இரும்பு.
அது வழமையில்லை.

அச்சுக்கு மேலே
மூச்சுவிட ஒரு குட்டி மூடி உண்டு.
ஓடிச் சூடேறின அச்சைக்
குளிர்ந்த தண்ணிக்குள் இறக்கினால்
திடுக்கிட்டவன் மாதிரி மூச்சை உள்ளே இழுக்கும்,
காற்று இல்லாத இடத்தில்
கடலை இழுக்கும்.
மழைக்கு அது நடக்காது.
பங்குனியில் மழை ஏது?

றெக்சன், என்ர மனுசன்ர தம்பி,
வியாழன் இரவு கேட்டு எடுத்துப்போனவன்.
"சங்கானைக்குத்தான் அண்ணி, வெங்காயம் ஏத்த.
தார் றோட்டை விட்டு இறக்கமாட்டன்."
விடிய வந்தபோது லொறி கழுவியிருந்தது.
அப்பவே யோசித்திருக்க வேண்டும்,
தன்ர சேட்டைக் கழுவாதவன்.

தொண்ணூறாம் நம்பர் ஒயில் ஊற்றி
உள்ளே அலம்பட்டும் என்று
கல்லுண்டாய் வரை ஓடினேன்.
அங்கே, வீதியிலிருந்து கடலுக்குள்
சில்லுத் தடம், உப்புப் பூத்து.
போன தடம் மேலோட்டம்.
வந்த தடம் ஆழம்.
கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன்.
கதவைத் திறக்கவில்லை.

வந்து திரும்ப வடித்தேன்.
இம்முறை அவித்த பலாக்கொட்டையின் நிறம்.
முதல் வடித்ததில் கொஞ்சத்தை
நெக்டோ போத்தலில் நிரப்பிக்
கொண்டுபோய் அவன்ர மோட்டார்சைக்கிள் சீற்றில் வைத்தேன்.
வெளியே வந்தவன்
தூக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான்.

"என்ன அண்ணி இது?"
"உன்ர வெங்காயம்."

பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும்தான்.
பொக்கற்றிலிருந்து மூன்று ஆயிரம்.
கொஞ்சம் நின்று இன்னும் இரண்டு.
"இன்னொருக்காலும் மாத்தவேணும்."
இன்னொன்று.
போத்தலைத் திருப்பித் தரவில்லை,
மூடியை இறுக்கித்
தானே உள்ளே கொண்டுபோனான்.

மூன்றாம் தரம் ஊற்றினேன்,
துளை விளிம்பில் வழிந்து சொட்டும் வரை.
புதுச் செம்பு வாசர். நட்டு. குழாய்த் துண்டு. கால்.
சவர்க்காரம் மூன்று தரம், தேசிக்காய் ஒரு தரம்,
மணம் போகவில்லை.
இரவு சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன்.
மனுசன் பார்த்தார். நண்டுக் கறியை என் பக்கம் தள்ளினார்.
தம்பியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்,
எவ்வளவு தெரியும்,
அதற்குத் திறக்க ஒரு மேல் நட்டும் இல்லை.

திங்கள் விடியப்புறம் பண்ணைப் பாலம்.
ஐம்பது. ஐம்பத்தைந்து.
ஊளை குறைந்திருந்தது.
கொஞ்சம்தான்.
அந்த நகத்துண்டு
எந்தப் பல்லில் இருந்து கழன்றதென்று
இன்னும் பார்க்கவில்லை.